துண்டு போட்டு இடம் பிடிக்கும் ஊர்

போன இதழில், ஆஸ்திரியா நாட்டுத் தலைநகர் வியன்னாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன் என்று நாலு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கேள்விகள் ஒரு மஞ்சள் பை நிறைய. முப்பத்தோரு வருஷம் ரயில்வே முன்பதிவு கவுன்ட்டரில் கண்ணாடிக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தான் பழக்கம். இந்த மாதம் பூராவும் வியன்னாதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: வியன்னாவில் ஐந்து நாள் இருப்போம். எத்தனை மியூசியம் பார்க்க முடியும்? பட்டியல் கொடுங்கள். (மதுரை வாசகர்)

ப: இரண்டு. மிஞ்சிப்போனால் மூன்று. பட்டியல் கொடுக்க மாட்டேன்.

முதல் நாள் நானும் உங்களைப் போலத்தான் கிளம்பினேன். மகள் கொடுத்த காகிதத்தில் ஏழு பெயர் இருந்தது. அந்தக் காலத்து மகாராணி மரியா தெரேசா சிலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, எதிரே அதன் இரட்டைப் பிறவி மாதிரி இன்னொன்று. ஒன்று இயற்கை வரலாறு, 1889-ல் திறந்தது. மற்றது கலை வரலாறு, 1891-ல் திறந்தது. குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் மியூசியம் என்று வாய் வலிக்கச் சொல்ல வேண்டிய இடம் இந்த இரண்டாவதுதான். காலையில் இயற்கை, மாலையில் கலை என்று கணக்குப் போட்டோம். இயற்கையில் டைனோசரும் கல்லும் பார்த்து, வில்லண்டார்ஃப் வீனஸ் என்கிற பதினோரு சென்டிமீட்டர் சுண்ணாம்புக்கல் பொம்மையையும் பார்த்தபோது (அதற்கு வயது ஏறக்குறைய முப்பதாயிரம் வருஷம், இடுப்பைப் பார்த்தால் எங்கள் அத்தை ஞாபகம் வந்தது) எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கலை மறுநாளைக்குப் போயிற்று.

மறுநாள் ஒரு முடிவோடு போனேன். அந்தப் பிரம்மாண்டமான படிக்கட்டில் ஏறி, மேலே தூண்களுக்கு நடுவில் அந்த ஊர் ஓவியர் க்ளிம்ட் இளவயதில் வரைந்த உருவங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, நேராக ப்ரூகல் அறைக்குப் போய்விட்டேன். பீட்டர் ப்ரூகல் பதினாறாம் நூற்றாண்டு ஃப்ளாண்டர்ஸ் நாட்டு ஓவியர். உலகத்தில் மிஞ்சியிருக்கும் அவருடைய ஓவியங்கள் நாற்பது சொச்சம்தான். அதில் ஒரு டஜன் இந்த ஊரில். வேறு எங்கேயும் இத்தனை சேர்ந்தாற்போல் இல்லை.

அங்கே 1560-ல் வரைந்த ஓர் ஓவியம், குழந்தைகள் விளையாடுவது. ஒரு தெரு முழுக்க இருநூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், எண்பது வகை விளையாட்டு. நான் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தேன் (காவலர் பின்னால் நகரச் சொன்னார்). இடது மூலையில் இரண்டு பெண்கள் குந்தி உட்கார்ந்து எலும்புத் துண்டுகளை மேலே போட்டுப் பிடிக்கிறார்கள். நம் அஞ்சாங்கல்! கல்லுக்குப் பதில் எலும்பு, அவ்வளவுதான். குனிந்து நிற்கும் பையன்கள் மேல் இன்னொருவன் தாண்டுகிறான், பச்சைக்குதிரை. வளைவுக்கு அடியில் பம்பரம். கண்ணைக் கட்டிக்கொண்டு தேடும் விளையாட்டு. வளையத்தைக் குச்சியால் தட்டி ஓட்டுகிறவன். நாங்கள் சைக்கிள் டயர் ஓட்டினோம். நடுவில் ஒரு கூட்டம் கல்யாணம் நடத்துகிறது. எங்கள் தெருவில் சொப்பு வைத்து நாங்கள் நடத்தியதும் அதே கல்யாணம்தான். இவ்வளவு விளையாட்டு, ஆனால் எந்தப் பிள்ளை முகத்திலும் சிரிப்பு இல்லை என்பதை முக்கால் மணி கழித்துத்தான் கவனித்தேன். எல்லாம் ஏதோ ஆபீஸ் வேலை பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டிருக்கின்றன. நாற்பது நிமிஷத்தில் நகர்ந்திருந்தால் அது தெரிந்தே இருக்காது.

பக்கத்திலேயே 1565-ல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்'. மூன்று பேர் களைத்துப்போய் மலை மேலிருந்து ஊருக்குத் திரும்புகிறார்கள். பின்னால் ஒரு கூட்டம் நாய்கள், தலை தொங்கி. இத்தனை பேரும் அலைந்து பிடித்தது ஒரே ஒரு நரி. சத்திரத்துப் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று தொங்குகிறது. கீழே உறைந்த குளத்தில் ஊரே சறுக்கி விளையாடுகிறது. வருஷத்தின் பருவங்களை ஆறு ஓவியமாக வரைந்தாராம், அதில் ஐந்து மிஞ்சியிருக்கிறது. மூன்று இங்கே, ஒன்று ப்ராக், ஒன்று நியூயார்க்.

அந்த ஒரே அறையில் இரண்டரை மணி நேரம். மற்ற அறைகளில் வெர்மீர் இருந்தார், ராஃபேல் இருந்தார். வெர்மீரை மட்டும் ஓடிப்போய்ப் பார்த்தேன். அதற்குக்கூட எனக்கு இப்போது கொஞ்சம் வெட்கம்தான்.

வியாழக்கிழமை இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும், அப்போது போங்கள், கூட்டம் இருக்காது. பத்தொன்பது வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு அரசு மியூசியங்களில் கட்டணம் கிடையாது. கார்ல்ஸ்ப்ளாட்ஸில் இருக்கும் வீன் மியூசியத்தைப் புதுப்பித்து 2023 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். அந்த ஊரின் கதை அங்கே இருக்கிறது. திறந்தபோது நிரந்தரக் காட்சியை எல்லோருக்கும் இலவசமாக்கினார்கள்.

கே: க்ளிம்ட் வரைந்த 'முத்தம்' பார்த்தீர்களா? நேரில் எப்படி? (கோவை வாசகி)

ப: பெல்வெடேர் அரண்மனையில் இருக்கிறது. ஆறடிக்கு ஆறடி சதுரம், தங்க ரேக்கு ஒட்டியது. அதற்கு முன்னால் எப்போதும் முப்பது செல்போன். தஞ்சாவூர் ஓவியம் பார்த்து வளர்ந்த கண்ணுக்குத் தங்கம் புதிதில்லை. ஆனால் அந்தப் பெண் மண்டியிட்டிருக்கும் இடம் பூத்தரையின் கடைசி விளிம்பு, கால் விரல்கள் அந்தரத்தில் இருக்கின்றன. காலண்டரில் இதை நான் கவனித்ததே இல்லை.

கே: ஓபராவுக்கு டிக்கெட் இருநூறு யூரோ என்கிறான் என் மகன். நமக்குக் கட்டுப்படியாகுமா அக்கா? (கும்பகோணம் வாசகி)

ப: ஓபரா என்றால் பாடியே நடத்தும் மேல்நாட்டு நாடகம். உட்காருவதற்குத்தான் அந்த விலை. நிற்பதற்கு இருபது யூரோவுக்குள் முடிந்துவிடும்.

ஸ்டாட்ஸ்ஓப்பர் என்கிற அரசு ஓபரா அரங்கில் நானூற்றுச் சொச்சம் பேர் நின்று கேட்க இடம் வைத்திருக்கிறார்கள். ஏழைக்கு ஒதுக்கிய மூலை இல்லை அது. கீழ்த்தளத்தில் நிற்கும் இடம், ஒரு காலத்தில் பேரரசர் குடும்பம் உட்கார்ந்த நடுமாடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. மேடை அவ்வளவு நேராகத் தெரியும். அன்றைய நிகழ்ச்சிக்கு நிற்கும் டிக்கெட் அன்றைக்குத்தான் விற்பனை. கியூவில் எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன், பின்னால் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு வியன்னாப் பாட்டி. நாற்பது வருஷமாக நின்றுதான் கேட்கிறாராம். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்றார்.

உள்ளே போனதும் எல்லோரும் குடுகுடுவென்று ஓடினார்கள். நானும் ஓடினேன். படிப்படியாகக் கம்பித் தடுப்பு, அதில் சாய்ந்துகொண்டு நிற்க வேண்டும். இடம் பிடித்த கையோடு ஒவ்வொருவரும் கழுத்திலிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்துக் கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டார்கள். போட்டுவிட்டு ஜாலியாக வெளியே காபி சாப்பிடப் போய்விட்டார்கள்! அந்த இடத்தை ஒருவரும் தொடுவதில்லை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு ஸீட் பிடிக்கிறோமே, அதே சட்டம்தான். என்னிடம் ஸ்கார்ஃப் இல்லை. வீட்டுக்காரர் முகம் துடைக்க எடுத்து வந்த ஈரிழைத் துண்டை அவர் தோளிலிருந்து உருவிக் கம்பியில் கட்டினேன். பாட்டி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல துணி என்பது போலத் தலையாட்டினார்.

அன்று புச்சினியின் 'தோஸ்கா'. 1958-ல் போட்ட செட், உடை, மேடையமைப்பு எல்லாம் இன்றைக்கும் அதேதான். அறுநூறு தடவைக்கு மேல் நடந்துவிட்டது. ஆனால் அரங்கத்தின் உள்பக்கம் அவ்வளவு பழசாகத் தெரியவில்லையே என்று யோசித்தேன். 1869-ல் திறந்த கட்டடம் இது. 1945 மார்ச்சில் குண்டு விழுந்து மேடையும் அரங்கமும் எரிந்துவிட்டன. முகப்பும் பெரிய படிக்கட்டும் தப்பின. பத்து வருஷம் கட்டி, 1955 நவம்பரில் பீத்தோவனின் 'ஃபிடேலியோ'வோடு திறந்தார்கள். சிறையில் கிடப்பவனை மனைவி மீட்கும் கதை. போர் முடிந்து, அந்நியப் படைகள் நாட்டை விட்டுப் போன வருஷம் அது. வேறு எதைப் போடுவார்கள்?

பாட்டு இத்தாலிய மொழியில். நிற்பவர்களுக்கும் முன்னால் ஒரு சின்னத் திரையில் ஆங்கில வரிகள் ஓடுகின்றன. நான் இரண்டாவது அங்கத்தில் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வியன்னா ஃபில்ஹார்மோனிக் என்று பெரிய பெயர் எடுத்த ஆர்க்கெஸ்ட்ரா இருக்கிறதே, அதன் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் அதில் வாசிப்பவர்கள் எல்லோரும் இந்த ஓபரா ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்து போனவர்கள்தான். நீங்கள் துண்டு கட்டி நிற்கும்போது கீழே பள்ளத்தில் வாசிப்பது அவர்களே.

ஜூலை, ஆகஸ்டில் ஓபரா பூட்டு. கோடை விடுமுறையில் போவதானால் மே மாதமே போய்விடுங்கள்.

கே: தெருவிலேயே மொஸார்ட் வேஷத்தில் நின்று டிக்கெட் விற்கிறார்களாமே, வாங்கலாமா? (சேலம் வாசகர்)

ப: வெள்ளை டோப்பா, சிவப்புக் கோட்டு. ஸ்டெஃபான்ஸ்டோம் கோவிலைச் சுற்றி அவர்கள் கண்ணில் படாமல் நடக்க முடியாது. முதல் வாரமே நான் மாட்டிக்கொண்டேன். ஒரு தலைக்கு ஐம்பத்தெட்டு யூரோ. அரங்கத்தில் ஒன்பது பேர் வாசித்தார்கள், ஒரு கிருதியைக்கூட முழுசாக முடிக்கவில்லை. எல்லாம் மூன்று நிமிஷத் துண்டு. பந்தியில் உட்காரவைத்து ஒவ்வொரு பதார்த்தத்திலும் கிள்ளிக் கிள்ளி வைத்துவிட்டு இலையை எடுத்தால் எப்படி இருக்கும்? வாசித்த பிள்ளைகள் மேல் குறையில்லை, நன்றாகவே வாசித்தார்கள். அந்தக் காசுக்கு எத்தனை தடவை நின்றிருக்கலாம் என்று மனசு கவுன்ட்டர் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

காசே வேண்டாம் என்றால் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அகுஸ்டீனர் தேவாலயம். பெரிய பூசையில் ஹைடன், மொஸார்ட், ஷூபர்ட் எழுதிய வழிபாட்டு இசையை ஆர்க்கெஸ்ட்ராவும் பாடகர் குழுவும் சேர்ந்து நடத்துகிறார்கள். கச்சேரி என்று நினைத்துப் போட்டோ எடுக்காதீர்கள், அது வழிபாடு. எல்லோரும் எழுந்தால் எழுந்திருங்கள், தட்டு வந்தால் போடுங்கள். பாடகர்கள் பின்னால் மேலே இருப்பதால் முகமே தெரியாது. நம் கோவில் ஓதுவார் தூணுக்கு மறைவில் பாடுவது போலத்தான்.

கே: எப்போது கைதட்ட வேண்டும்? இதில்தான் எனக்குப் பயம். (பாளையங்கோட்டை வாசகி)

ப: பயப்படுவது நியாயம். முஸிக்ஃபெராயின் என்கிற கச்சேரி அரங்கத்தின் பொன்மண்டபத்தில் நான் பட்ட அவமானத்தைக் கேளுங்கள். வெளியூர் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று வந்து சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி வாசித்தது. ஒரு சிம்பொனியில் சாதாரணமாக நாலு பகுதி. மூன்றாவது பகுதி ஒரே ஆர்ப்பாட்டம், ஜண்டை மேளம் மாதிரி ஏறி ஏறிப் போய் டமார் என்று முடிந்தது. முடிந்தே போயிற்று என்று நினைத்து முழு மூச்சாகத் தட்டினேன். ஒரு ஏழெட்டுப் பேர் சேர்ந்துகொண்டார்கள், அது ஆறுதல். கண்டக்டர் (பஸ் கண்டக்டர் இல்லை, கையசைத்து ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிறவர்) திரும்பவே இல்லை. நாலாவது பகுதி ஆரம்பித்தது. அப்படி ஓர் அழுகை. கடைசியில் சத்தம் தேய்ந்து தேய்ந்து எப்போது நின்றது என்றே தெரியவில்லை. அப்போது தட்ட யாருக்கும் கை வரவில்லை.

நிகழ்ச்சித் தாளில் எத்தனை பகுதி என்று போட்டிருக்கும். விரல் விட்டு எண்ணுங்கள். சந்தேகமாக இருந்தால் கண்டக்டர் கை இறங்கி, பக்கத்தில் இருப்பவர் தட்டும்வரை சும்மா இருங்கள். நடுவில் 'ஆஹா', 'பலே' எதுவும் கூடாது. தொடையில் தாளம் போட்டதற்கே பக்கத்து மனிதர் என் கையைப் பார்த்தார்.

கே: கர்நாடக சங்கீதம் கேட்டே பழகிய காது என்னுடையது. மேல்நாட்டு சங்கீதம் ஒட்டுமா? மனசாட்சியோடு சொல்லுங்கள். (ஸ்ரீரங்கம் வாசகர்)

ப: முதல் இரண்டு கச்சேரி எனக்கு ஒட்டவில்லை. கமகம் எங்கே, கமகம் எங்கே என்று காது தேடிக்கொண்டே இருந்தது. ஸ்வரம் ஆடாமல் அசையாமல் கம்பம் போல நிற்கிறது.

மூன்றாவது கச்சேரியில் ஒரு சின்ன விஷயம் செய்தேன். வாசிக்கப்போவது மொஸார்ட்டின் கிளாரினெட் கச்சேரி இசை, 1791-ல் அவர் சாவதற்குச் சில வாரம் முன்பு முடித்தது. அதன் நடுப்பகுதி ஏழெட்டு நிமிஷம்தான். முதல் நாளே மகளுடைய போனில் ஐந்து தடவை கேட்டேன். தோசை வார்த்துக்கொண்டே கேட்டேன். மறுநாள் அரங்கத்தில் அது வந்தபோது தெரிந்தவர் வீட்டுக்குள் நுழைவது போல இருந்தது. கிளாரினெட் ஒரு வரி சொல்கிறது, ஆர்க்கெஸ்ட்ரா அதையே பெரிதாகச் சொல்கிறது. அடியில் வேறு வேறு வாத்தியங்கள் வேறு வேறு ஸ்வரத்தில் நிற்பதால் அதே வரிக்கு நிறம் மாறுகிறது. நாம் ஒரு ராகத்தை ஒரு கோடாக இழைத்துப் பின்னுகிறோம், அவர்கள் பல கோட்டை ஒரே நேரத்தில் அடுக்குகிறார்கள். என் காதுக்குப் புரிந்தது இவ்வளவுதான். சங்கீத வித்வான்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

மைக் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். சபாவில் ஸ்பீக்கர் அலறி அலறிப் பழகிய காதுக்கு அதுவே பெரிய ஆச்சரியம். 1870-ல் திறந்த அந்தப் பொன்மண்டபம் செருப்புப் பெட்டி மாதிரி நீளமாக, குறுகலாக, உயரமாக இருக்கிறது. மரத்தரைக்கு அடியில் வெற்றிடம், மேற்கூரை தொங்கவிட்டது. மண்டபமே ஒரு வீணைக் குடம்தான். ஆட்டுத்தோல் போட்ட டிம்பனி என்கிற பெரிய மேளத்தைக் கடைசி வரிசையிலிருந்து மெதுவாக உருட்டினார்கள், என் நெஞ்செலும்பில் கேட்டது. மற்ற ஊர்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் போட்டுவிட்டார்களாம். வியன்னாக்காரர்கள் தோலை விடவில்லை. நம் மிருதங்கக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள்.

இரண்டுக்கும் நடுவே போக்குவரத்து இருந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முத்துஸ்வாமி தீக்ஷிதர் மேல்நாட்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் போட்டு நொட்டுஸ்வரங்கள் செய்தார், எல்லாம் சங்கராபரணத்தில். அவர் தம்பி பாலுஸ்வாமி வயலினைக் கற்றுக்கொண்டு நம் பக்கம் கொண்டுவந்தார். அது பீத்தோவன் வாழ்ந்த காலம்தான். பீத்தோவன் வியன்னாவில் கண்மூடிய 1827-லேயே தஞ்சாவூரில் சியாமா சாஸ்திரியும் போனார். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது.

கே: இசை மேதைகளின் வீடுகளைப் பார்க்கலாமா? (யாழ்ப்பாண வாசகி)

ப: நிறைய இருக்கின்றன. மொஸார்ட் 1784 முதல் 1787 வரை இருந்த வீடு டோம்காஸே ஐந்தாம் எண். அங்கேதான் 'ஃபிகாரோ' என்கிற ஓபராவை எழுதினார். நல்ல பெரிய வாடகை வீடு. ஷூபர்ட் பிறந்த வீட்டில் அவருடைய மூக்குக்கண்ணாடி இருக்கிறது. முப்பத்தொரு வயதில் போய்விட்ட மனிதரின் கண்ணாடி.

ஆனால் ஒன்றே ஒன்று பார்ப்பதாக இருந்தால் ஊர் ஓரத்தில் ஹைலிகன்ஷ்டாட் போங்கள். 1802-ல் காது கேட்காமல் போய்க்கொண்டிருந்த பீத்தோவன் வைத்தியர் சொல்லி அந்தக் கிராமத்தில் வந்து தங்கினார். பக்கத்தில் நிற்பவருக்குத் தூரத்துக் குழலோசை கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை, என்ன அவமானம் என்று தம்பிகளுக்குக் கடிதம் எழுதினார். அனுப்பவில்லை. அவர் செத்த பிறகு அவருடைய காகிதங்களுக்கு நடுவில் கிடைத்தது. எங்கள் வீட்டுக்காரருக்கு இடது காதில் மெஷின். அந்த அறையில் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சமாதிகள் மத்தியக் கல்லறைத் தோட்டத்தில். 71-ஆம் எண் டிராம். பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் எல்லோரும் பக்கம் பக்கமாக. நடுவில் மொஸார்ட்டுக்கு நினைவுக்கல் மட்டும்தான், அவரைப் புதைத்தது வேறு கல்லறையில். ஒருவர் இறந்துபோனால் '71 ஏறிவிட்டார்' என்பார்களாம் அந்த ஊரில். நாங்கள் ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துத்தான் ஏறினோம்.

கே: புடவையில் போகலாமா? (விழுப்புரம் வாசகி)

ப: தாராளமாக. உள்ளே கம்பளி பனியன், காலுக்கு ஷூ. ஓவர்கோட்டை அரங்கத்துக்குள் கொண்டுபோக முடியாது, வாசலில் ஒப்படைத்து டோக்கன் வாங்க வேண்டும். டோக்கனைத் தொலைக்காதீர்கள். முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கே: காபி? (மாயவரம் வாசகர்)

ப: மெலாஞ்ச் என்று கேளுங்கள், நுரை போட்ட பால் காபி. சின்ன வெள்ளித் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு வரும். ஒரு கோப்பைக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். ருசியைப் பற்றி மாயவரத்துக்காரரிடம் நான் எதுவும் சொல்வதாக இல்லை.

கே: எனக்கு அறுபத்தாறு வயது, முட்டி வலி. மூன்று மணி நேரம் நிற்க முடியுமா அம்மா? (திண்டுக்கல் வாசகர்)

ப: எனக்கும் முட்டிதான். கம்பியில் சாய்ந்தால் பாதி பாரம் போய்விடும். 'தோஸ்கா'வுக்கு இரண்டு இடைவேளை, அதனால் தாக்குப்பிடித்தேன். வாக்னர் எழுதிய ஓபரா என்றால் யோசியுங்கள், ஐந்து மணி நேரம் போகும். இடைவேளையில் எல்லோரும் வெளியே போய்ப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டாவது இடைவேளையில் நான் டப்பாவைத் திறந்து புளியோதரை எடுத்தேன். பெருங்காய வாசனை பளிங்குப் படிக்கட்டில் அப்படியே மேலே ஏறியது. பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு ஸ்பூன் கொடுத்தேன். நிலக்கடலையை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிச் சாப்பிட்டார். மணி அடித்துவிட்டது.